ஐந்நூறு வந்தால் விற்கவும்

பிப்ரவரி 17, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்துவிட்டது. மார்ச் 28-ஆம் தேதியோடு கோவைக் கிளையில் போனில் ஆர்டர் வாங்குவது நிற்கிறது. அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் அவரவர் கைபேசியில், ஆப்பில், தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டியது, விற்றுக்கொள்ள வேண்டியது. டீலர் என்ற வேலையே இனி இல்லை. அதாவது நான் இல்லை.

இருபத்தாறு வருடம். ஆறு பேர் இருந்த டீலிங் அறையில் கடைசியாக மிஞ்சிய நாற்காலி என்னுடையது. பங்குச் சந்தை டீலர் என்றால் பெரிய ஆள் என்று எங்கள் தெருவில் நினைக்கிறார்கள். ஒன்றுமில்லை. போனில் ஒருவர் 'இந்தப் பங்கை இவ்வளவுக்கு வாங்கு' என்பார். நான் அதைக் கணினியில் தட்டிவிட்டு 'போட்டாச்சு' என்பேன். லாபம் வந்தால் அவருடைய சாமர்த்தியம், நட்டம் வந்தால் நான் மெதுவாகத் தட்டினேன். இதுதான் வேலை.

மேனேஜர் பிரபாகர் கூப்பிட்டார். என் சர்வீஸைவிட நாலைந்து வயதுதான் பெரியவர் இந்தப் பையன். வயதான வாடிக்கையாளர்களுக்காக, ஆப்பில் வரும் சொற்களுக்கெல்லாம் எளிய தமிழில் விளக்கம் எழுதி இரண்டு பக்கம் தர வேண்டுமாம். "புனிதவதி மேடம், உங்களை விட்டா யாருக்கு அவங்க பாஷை தெரியும்?" என்று ஐஸ் வைத்தார். வேலையை விட்டு அனுப்புகிறவன் கொடுக்கிற வேலை. ஒத்துக்கொண்டேன்.

வரும் வழியில் பால் அரை லிட்டர், கீரை ஒரு கட்டு. பாதிக் கட்டு தரமாட்டேன் என்கிறாள் கீரைக்காரி. ஒரு ஆளுக்கு ஒரு கட்டுக் கீரை இரண்டு நாள் வரும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒன்பது இருபதுக்கு வரதராஜுலு சார்.

மார்க்கெட் திறப்பது ஒன்பதே காலுக்கு. அவர் ஐந்து நிமிடம் விட்டுத்தான் கூப்பிடுவார். "தொறந்த ஒடனே கூட்டமா இருக்குமுங் அம்மிணி, நீங்க மொதல்ல அதைப் பாருங்க" என்பார். கூட்டம் ஒழிந்து பத்து வருடமாகிறது. நான் சொன்னதில்லை.

பேச்சு எப்போதும் இதுதான்.

"கேவி ஜீரோ ஆறு ஒம்பது நாலு. துளசியம்மாள். கோமளா மில்லு இன்னைக்கு என்ன வெலைங் அம்மிணி?"

"நூத்தி அறுபத்தெட்டுங்க சார்."

"செரி. ஆயிரத்தி எரநூறையும் ஐநூறு ரூவாய்க்கு விக்கப் போட்ருங்க."

"போட்டாச்சுங்க சார்."

உடனே அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வரும். "என்ன சொல்றாங்க?"

"போட்டாச்சாம்."

கணக்கு மனைவி துளசியம்மாள் பெயரில். மில்லில் வேலை பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் பங்கை வீட்டுக்காரி பெயரில்தான் வாங்குவார்கள். வரிக்காக என்று வெளியே சொல்லிக்கொள்வார்கள். பங்குக்குச் சொந்தக்காரர் அந்த அம்மாள்தான், ஆனால் ஒரு நாளும் லைனுக்கு வந்ததில்லை. அந்தக் குரல் எனக்கு எப்போதும் பின்னாலிருந்து, குக்கர் சத்தத்தோடுதான் கேட்டிருக்கிறது.

இவர்களுடைய கதை எனக்கு அரைகுறையாகத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் துளசியம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஹைதராபாத்தில் இருக்கும் மகள் சுமதி, இனி இரண்டு பேரும் தனியாக இருக்கவே கூடாது, கிளம்பி வாருங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "மில்லு ஷேரு ஐநூறு வரட்டும். வித்துட்டு, வீட்டையும் குடுத்துட்டு வந்தர்றோம்" என்று துளசியம்மாள் வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு விலை அறுபத்திரண்டு. அன்றிலிருந்து சார் தினமும் ஆர்டர் போடுகிறார். ஒருநாள் ஆர்டருக்கு ஆயுள் அன்று மாலை மூன்றரை மணி வரைதான். மார்க்கெட் மூடியதும் அது காலி. மறுநாள் புதிதாகப் போட வேண்டும்.

பிரபாகர் இன்று கேட்டார். "மேடம், இந்த அக்கவுண்ட்ல பதினொரு வருஷமா ஒரு ரூபா கமிஷன் வரலை. இவர்கிட்ட எதுக்கு தினமும் பேசறீங்க?"

வாடிக்கையாளர் சேவை என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

விளக்கம் எழுத உட்கார்ந்தேன்.

மார்க்கெட் ஆர்டர்: என்ன விலை என்று பேரம் பேசாமல், இப்போது என்ன கிடைக்கிறதோ அதற்கே கொடு என்பது.

லிமிட் ஆர்டர்: இந்த விலை வந்தால்தான், இல்லாவிட்டால் வேண்டாம் என்பது. என் கல்யாண விஷயத்தில் என் அம்மா தரகரிடம் போட்டதெல்லாம் லிமிட் ஆர்டர்.

ஸ்டாப் லாஸ்: இதற்கு மேல் நட்டம் தாங்காது, இந்த இடம் வந்தால் கேட்காமல் விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. முன்பு நம் ஹாலில் வந்து உட்கார்ந்து விலை பார்த்த வாடிக்கையாளர்கள் யாரும் இதைப் போட்டதில்லை. இறங்கினால் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சேர்ப்பார்கள். அதற்குப் பெயர் ஆவரேஜ்.

ஹாலை நினைத்ததும் பேனா நின்றுவிட்டது. நான் சேர்ந்தபோது மொட்டை மாடியில் பெரிய தட்டு ஆன்டெனா இருந்தது. அது வழியாகத்தான் மும்பையிலிருந்து விலை வரும். மழை பிடித்தால் லைன் போய்விடும். ஹாலில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் "போச்சு!" என்று கத்துவார்கள். ஒருமுறை காக்கை கூடு கட்டி அரை நாள் விலை வரவில்லை. பதினோரு மணிக்குக் கீழே பேக்கரியிலிருந்து டீயும் தேங்காய் பன்னும் வரும். பட்ஜெட் அன்று முதலாளி செலவில் ரவா கிச்சடி. ஒரு பேராசிரியர் விலையை ஓட்டப்பந்தய வர்ணனைபோல் உரக்கப் படிப்பார், ஒருவர் சுருட்டு வாசனையோடு வருவார். மில் நின்றபிறகு வரதராஜுலு சாரும் வந்துவிட்டார். கோன் வைண்டிங்கில், அதாவது நூல் சுற்றும் பிரிவில், சூப்பர்வைசராக இருந்தவர். என் முதுகுக்கு நேர் பின்னால் இருந்த இரும்பு நாற்காலி அவருடையது. பங்கு வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். ஆறு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். முழங்கால் தகராறு செய்யும்வரை வந்தார். அதன் பிறகுதான் போன்.

எவ்வளவு சத்தம் அந்த ஹாலில்! இப்போது ஏசி மட்டும் சத்தம் போடுகிறது. எனக்கு அந்தச் சத்தம் வேண்டும்போல் இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அடுத்த சொல், சர்க்யூட். ஒரு பங்கு ஒரே நாளில் இவ்வளவுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று எக்ஸ்சேஞ்ச் போடும் வேலி. நேற்று நூறு ரூபாய், வேலி இருபது சதவீதம் என்றால், இன்று நூற்றிருபதுக்கு மேல் யாரும் விலை சொல்லவே முடியாது. சொன்னால் கணினி 'நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பில் காட்டிவிடும்.

அப்படியானால் நூற்றி அறுபத்தெட்டு ரூபாய்ப் பங்கை ஐந்நூறுக்கு விற்கப் போட்டால்?

சிவப்புதான். பதினோரு வருடமும் சிவப்புதான். வரதராஜுலு சாரின் ஆர்டரைக் கணினி ஒரு நாளும் ஏற்றதில்லை. நான் தட்டுவேன், சிவப்பு வரும், 'போட்டாச்சுங்க சார்' என்பேன். போட்டேன் என்பது பொய்யில்லை. எடுத்துக்கொண்டதா என்று அவர் கேட்டதில்லை. முதல் வாரமே சொல்லியிருக்கலாம்தான். வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று.

இனி ஆப்பில் போட்டால் அந்தச் சிவப்பை அவரே பார்ப்பார். அவருக்குக் கண்புரை. ஆனாலும் சிவப்பு தெரியும்.

பிப்ரவரி 24, திங்கள்

ஊர் மார்க்கெட் எல்லாம் விழுந்து கிடக்க, கோமளா மில் மட்டும் ஒரே நாளில் இருபது சதவீதம் ஏறி வேலியைத் தொட்டு நிற்கிறது. மில் நின்று பதினாறு வருடம். இருந்தது நிலம் மட்டும். அதை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்க ஒப்பந்தமாம்.

சாரிடம் விலையைச் சொன்னேன். "எரநூத்தி ஒண்ணுங்க சார்."

"ஏனுங் அம்மிணி, சரியாப் பாத்தீங்ளா?"

"பாத்துட்டேனுங்க."

"செரி. ஐநூறுக்கே போடுங்க."

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி விடுமுறை. ஒன்பது இருபதுக்கு ஒரு தடவை போனைப் பார்த்தேன்.

மார்ச் 3, திங்கள்

பிரபாகர் என் விளக்கங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மேடம், இது கதை மாதிரி இருக்கு. உங்க அம்மா எல்லாம் வர்றாங்க." அம்மாவை அடித்துவிட்டேன். இப்போது சொல் மட்டும் இருக்கிறது, படித்தால் எனக்கே புரியவில்லை. ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்.

இன்று போனில் சாரின் குரலுக்குப் பின்னால் துளசியம்மாள் குரல் இல்லை. தடதடவென்று ஏதோ சத்தம்.

"அது என்ன சத்தமுங்க சார்?"

"நம்ம மில்லுங் அம்மிணி. பின்பக்கச் செவுத்தை எறக்கறாங்க. எங்கூட்டுச் சமையக்கட்டுல நின்னா நேராத் தெரியும். நேத்து சைரன் கட்டியிருந்த கம்பத்தைச் சாய்ச்சுட்டாங்க. அந்தச் சைரன் ஊதித்தானுங்க சிங்காநல்லூர்ல பாதிப் பேரு அடுப்புப் பத்த வெச்சது."

டீலிங் லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். ஆர்டரைத் தவிர வேறு பேசக் கூடாது என்பது விதி. நான் அந்தக் கம்பம் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு ஒரு ஊதல், தாமதமாக வந்தவனுக்குக் கேட் மூடப்படும் விதம், பஞ்சுத் தூசியில் வெள்ளையான மீசையோடு முதல்முறை வீட்டுக்குப் போனபோது துளசியம்மாள் யாரோ கிழவர் என்று கதவைச் சாத்தியது, எல்லாம் சொன்னார். சிரித்துவிட்டேன். பிறகு அவரே நினைவு வந்தவராக, "வெலை?" என்றார்.

"எரநூத்தி எண்பத்தாறுங்க சார்."

"இடிக்க இடிக்க ஏறுதுங்க நம்ம ஷேரு" என்றார். ஏறுகிற பங்கை வைத்திருக்கிறவரின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அது இது இல்லை.

மார்ச் 5, புதன்

அம்மா போய் இன்றோடு இரண்டு வருடம். லீவு போடவில்லை. போட்டு என்ன செய்ய?

அன்றைக்குப் பதினாறு நாள் கழித்து வேலைக்கு வந்தபோது, ஒன்பது இருபதுக்கு வந்த போன் நினைவிருக்கிறது. கேவி ஜீரோ ஆறு ஒன்பது நாலு என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, "பதினாறு நாளா வேற ஒரு பையன் எடுத்தானுங். அவன் போட்டாச்சுன்னு சொல்லலை. ஓகேங்கறான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதிவாகிறது என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை. நான் மூக்கை உறிஞ்சி முடிக்கும்வரை அந்தப் பக்கம் இருந்தார். பிறகுதான் விலை கேட்டார்.

அந்தப் பதிவு எங்கேயாவது ஒரு கணினியில் இன்னும் இருக்கும். அழித்திருந்தாலும் சரி.

மார்ச் 11, செவ்வாய்

முந்நூற்றி நாற்பத்தைந்து. வேகமாக ஏறுகிறது என்று எக்ஸ்சேஞ்ச் வேலியைப் பத்து சதவீதமாகச் சுருக்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஐந்நூறு இன்னும் வேலிக்கு வெளியேதான்.

ஒரு வாடிக்கையாளர் பணக்காரர் ஆவது தள்ளிப்போகிறதே என்று சந்தோஷப்படும் டீலர் நான்தான்.

மார்ச் 15, சனி

ஹாலைக் காலி செய்கிறார்கள். இரும்பு நாற்காலிகளைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் முந்நூறு ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினேன். வீட்டில் நாற்காலி இல்லாமல் இல்லை. எந்த நாற்காலி என்பது இங்கே அவசியமில்லை.

மாடியில் பழைய தட்டு ஆன்டெனா இன்னும் கிடக்கிறது. மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஒரு மைனா குளித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 19, புதன்

நானூற்றி இருபது. துளசியம்மாளின் குரல் நாலைந்து நாளாகக் கேட்கவில்லை. ஊருக்குப் போகிற அவசரத்தில் சாமான் கட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த அம்மாள்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. ஐந்நூறு என்று ஏன் சொல்ல வேண்டும்? ஐயாயிரம் என்று சொல்லியிருக்கக் கூடாதா?

சார் இன்று, "இருபத்தெட்டாந்தேதிக்கு மேல நீங்க இருக்கமாட்டீங்கன்னு மெசேஜ் வந்துதுங்" என்றார்.

"ஆமாங்க சார். ஆப்புலயே போட்டுக்கலாம். நான் விளக்கம் எழுதியிருக்கேன், தபால்ல வரும்."

"அது 'போட்டாச்சு'ன்னு சொல்லுமுங்களா?"

சொல்லாது என்றேன்.

மார்ச் 24, திங்கள்

நானூற்றி ஐம்பத்தெட்டில் முடிந்தது. பத்து சதவீதம் கூட்டினால் ஐந்நூற்றி மூன்று சொச்சம். கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நாளைக்கு ஐந்நூறு வேலிக்கு உள்ளே வந்துவிடுகிறது.

வெண்டைக்காய் வாங்கினேன். வதக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

தட்டினேன். பதினோரு வருடத்தில் முதல்முறையாகச் சிவப்பு வரவில்லை. நீல எழுத்து. ஆர்டர் ஏற்கப்பட்டது.

"போட்டாச்சுங்க சார்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவருக்கு எப்படித் தெரியும், இன்றைக்குச் சொன்னது வேறு என்று? யாராவது ஒருவர் அந்த விலைக்கு வாங்க வந்தால் கணினி அந்தக் கணமே விற்றுவிடும். பிறகு நானும் அவரும் கெஞ்சினாலும் திரும்பாது. வீடு, சமையலறை ஜன்னல், எல்லாம் அதோடு போகும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சார், ஒரு நிமிஷம். இன்னைக்கு சிஸ்டம் எடுத்துக்கிச்சுங்க."

"எடுத்துக்கிச்சா?"

"ஆமாங்க. இத்தனை நாளா எடுக்கலை. நான்தான் உங்ககிட்டச் சொல்லலை."

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது தெரியுமுங் அம்மிணி. உங்க முதுகுக்குப் பின்னாடி அஞ்சு வருசம் உக்காந்திருந்தனே. வேலிக்கு வெளிய போட்டாச் செவப்பு வருமுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏனுங்க சார் தினமும் போடச் சொன்னீங்க?"

"அவளுக்குப் பொண்ணுகூட இருக்கோணும்னு ஆசைங். போடாம இருந்தா ஏமாத்துனாப்பல. போட்டும் விக்காம இருந்தா நம்ம தப்பில்லைங்களே" என்றார். பிறகு, "எனக்கு இந்த ஊரை விட்டுப்போட்டு எங்கயும் தெரியாதுங்" என்றார்.

பின்னாலிருந்து, ரொம்ப நாள் கழித்து, அந்தக் குரல். "என்ன சொல்றாங்க?"

"போட்டாச்சாம்" என்றார் சார். போனை வைத்துவிட்டார்.

விலை நானூற்றித் தொண்ணூற்றி ஒன்று வரை போய் நானூற்றி எண்பத்து நாலில் முடிந்தது. மூன்றரை மணி வரை எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. ஆர்டரை நானே ரத்து செய்திருக்கலாம், ஒரு பொத்தான்தான். வாடிக்கையாளர் சொல்லாமல் செய்தால் அது குற்றம். விரல் அந்தப் பொத்தான்மேல் இரண்டு தடவை போனது உண்மை.

மார்ச் 26, புதன்

ஒன்பது இருபது. போன் இல்லை. பத்து. இல்லை.

பதினொன்றரைக்குக் கோமளா மில் ஐந்நூறைத் தொட்டது. ஐந்நூற்றி ஆறு வரை போயிற்று. அவர் இத்தனை வருடம் கேட்ட விலை என் கண்முன்னால் வந்து நிற்கிறது, கணினியில் அவருடைய ஆர்டர் இல்லை. விலை வந்துவிட்டதைச் சொல்வது டீலரின் கடமை. இரண்டு தடவை கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

எழுபத்தெட்டு வயது. என்னென்னவோ நினைத்தேன். விலாசம் கணினியில் இருக்கிறது, சிங்காநல்லூர் போக அரை மணி நேரம்தான். டீலர் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. போகவில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்றும் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

கடைசி நாள். பிரபாகர் கேக் வாங்கி வைத்திருந்தார். என் பெயரை ஆங்கிலத்தில் தப்பாக எழுதியிருந்தார்கள். பரவாயில்லை.

ஒன்பது இருபதுக்குப் போன் அடித்தது. சாருடைய எண். எடுத்தேன்.

"கேவி ஜீரோ ஆறு ஒம்பது நாலு" என்றது ஒரு பெண்குரல். "துளசியம்மாள் பேசறேன்."

இத்தனை வருடம் பின்னாலேயே இருந்த குரல் முன்னால் வந்துவிட்டது. அவர்தான் கணக்குக்காரர் என்று உறுதி செய்ய எண்ணைக் கேட்க வேண்டும். அதையும் கேட்காமலே சொல்லிவிட்டார். தினமும் காதில் விழுந்து மனப்பாடம் ஆகியிருக்கிறது.

"அம்மா, சார் நல்லா இருக்காருங்களா? ரெண்டு நாளா..."

"அவருக்கென்ன கண்ணு, கல்லாட்ட இருக்காரு. முந்தாநாள் காத்தால போனை எடுத்து அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சு வெச்சுட்டாரு. காணமுன்னு என்கிட்டயே தேடறாரு. நீ ரெண்டு தடவை கூப்பிட்டே இல்ல? அரிசிக்குள்ள அடிச்சுது. நானும் கேட்டேன். கேக்காத மாதிரி வெங்காயம் அரிஞ்சுட்டு இருந்தேன்."

"நீங்க ஏனுங்கம்மா எடுக்கலை?"

"எடுத்தா வித்துப்போடுமே."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"அம்மா, நீங்க பொண்ணுகிட்டப் போகணும்னுதானே..."

"யாரு சொன்னா? அவ ரொம்பக் கட்டாயப்படுத்துனா. வரமாட்டேன்னா அழுவா. அன்னைக்கு அறுபது ரூவா வித்துது, ஐநூறெல்லாம் இந்த சென்மத்துல வராதுன்னு தெரிஞ்சுதான் ஐநூறுன்னு சொன்னேன். இந்த மனுசன் அதை நெசமுன்னு நெனைச்சுட்டு, எனக்காகத் தெனமும் போன் போட ஆரம்பிச்சுட்டாரு. வேண்டாமுன்னு சொல்லலாமுன்னு பாத்தேன். ஆனா கண்ணு, அந்தப் போனுக்காகத்தான் அவரு எந்திரிச்சுக் குளிச்சு, சட்டை போட்டுட்டு உக்காருவாரு. அந்த ஊருல பதினாலாவது மாடில உக்காந்துட்டு இவரு காத்தால யாருக்குப் போன் பண்ணுவாரு?"

கணக்கு எண்ணைத் திரையில் தட்டிவைத்துக்கொண்டேன்.

"நேரமாகுது, அவரு பூ வாங்கப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. ரெண்டு வேலை செய்யி. நூறு ஷேரை மட்டும் கெடைக்கற வெலைக்கு வித்துடு. அவரு கண்ணைக் காட்டோணும், பொரை முத்திப் போச்சுன்னு டாக்டரு திட்டறாரு."

மார்க்கெட் ஆர்டர். தட்டினேன். நொடியில் போயிற்று. ஐந்நூற்றி இரண்டு ரூபாய்.

"வித்தாச்சுங்கம்மா."

"செரி. மிச்சத்துக்கு எழுநூத்தம்பதுன்னு போடு. சுமதிகிட்ட நான் சொல்லிக்கறேன், அப்பா வெலையை ஏத்திட்டாருன்னு."

"அம்மா, அந்த விலைக்கு சிஸ்டம் எடுக்காதுங்க. வேலிக்கு வெளிய இருக்குது."

"அது தெரியும் கண்ணு. எடுக்காததாப் பாத்துத்தான் சொல்றேன்."

தட்டினேன். சிவப்பு வந்தது. நிராகரிக்கப்பட்டது. இந்த இருபத்தாறு வருடத்தில் எந்த லாபத்தைப் பார்த்தும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

"போட்டாச்சுங்கம்மா."

"உன் சொந்த நம்பரைக் குடு" என்றார். பதிவாகும் லைனில் சொந்த எண்ணைக் கொடுப்பது தவறு. ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திக் கொடுத்தேன்.

பிரபாகர் ஓடி வந்தார். "மேடம்! கேவி ஜீரோ சிக்ஸ் நைன் ஃபோர்ல கமிஷன் விழுந்திருக்கு! பதினொரு வருஷத்துல ஃபர்ஸ்ட்!" என்றார். அதனால்தான் தினமும் பேசினேன் என்றேன். அவருக்கு ஒரு துண்டு கேக் பெரிதாக வெட்டிக் கொடுத்தேன்.

மூன்றரைக்கு மார்க்கெட் மூடியது. கணினியை நான் அணைக்கவில்லை, அவர்களே அணைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான் விடுமுறை. பக்கத்து வீட்டு சபீனா கிண்ணம் நிறைய பிரியாணி கொடுத்தாள். இதுவும் இரண்டு நாள் வரும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, மார்க்கெட் திறந்தபோது நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கணினி இல்லை, டெர்மினல் இல்லை. ஜன்னலோரம் அந்த இரும்பு நாற்காலி. அதில் உட்கார்ந்து பார்த்தேன். முதுகு வலிக்கும் நாற்காலி, இதில் எப்படித்தான் ஐந்து வருடம் உட்கார்ந்தாரோ.

ஒன்பது இருபதுக்கு என் போன் அடித்தது.

"கேவி ஜீரோ ஆறு ஒம்பது நாலு. துளசியம்மாள்" என்றார் வரதராஜுலு சார். "கோமளா மில்லு இன்னைக்கு என்ன வெலைங் அம்மிணி?"

எனக்குத் தெரியாது. பார்க்கவும் தோன்றவில்லை. "நேத்து மாதிரியேதாங்க சார்" என்றேன். நேற்று மார்க்கெட்டே இல்லை.

"செரி. மிச்சத்தையும் எழுநூத்தம்பதுக்கு விக்கப் போட்ருங்க."

புது விலையையும் என் எண்ணையும் துளசியம்மாள் சொல்லியிருக்கிறார். அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது. எழுந்து அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"போட்டாச்சுங்க சார்."

பின்னாலிருந்து, குக்கர் சத்தத்துக்கு மேலே, அந்தக் குரல். "என்ன சொல்றாங்க?"

"போட்டாச்சாம்."